ஒவ்வொரு துளைக்கும் ஒரு காரணம்

"கதவு இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க மிஸ்."

"கதவில்ல, அது பக்கத்துக் கண்ணாடி. கழட்டி மாட்டுற…"

"கழட்டுனா தொறக்கும். மாட்டுனா மூடும். அப்ப கதவு…"

"நான் செல்லுறதக் கொஞ்சம் கேளுங்களே, அது கம்ப்யூட்டர்ட…"

"உள்ளுக்குத் தட்டு இருக்கா?"

"தட்டென்டா… டிஸ்க் வைக்க ரெண்டு சின்னத் தட்டு…"

"கதவு இருக்கு. தட்டு இருக்கு. சாமான் உள்ளுக்கு வைக்கிறீங்க." கிளார்க் பிரேமிளா பேனாவின் மூடியைக் கழற்றினாள். "அப்ப அலுமாரி."

எழுதியும் விட்டாள். நீலப் பேனாவில், கொட்டை எழுத்தில், அடியில் கோடும் இழுத்து.

கவுண்டர் கம்பிக்குள் மூக்கு நுழையாத குறையாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள் பர்ஹானா டீச்சர். பக்கத்தில், கேசிங்கின் படம் போட்ட கடதாசியை இரண்டு கையாலும் பிடித்தபடி அவளுடைய மாணவி நுஸ்ஹா. கம்ப்யூட்டரின் உறுப்புகளையெல்லாம் உள்ளே வைத்து மூடுகிற இரும்புக் கூட்டுக்குக் கேசிங் என்று பேர். கண்டி டவுனில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்து மேசையில் வைப்பார்கள். கல்விசார் பொருள் நியமக் குழுவின் அலுவலகத்தில் மட்டும் அப்படியொரு பொருள் உலகத்திலேயே கிடையாது. அங்கே நாலே நாலு வகைதான்: மேசை, கதிரை, அலுமாரி, ஏனையவை.

"அப்ப ஏனையவையில போடுங்களே மிஸ்," என்றாள் பர்ஹானா.

"போடலாம். போட்டா எடுக்க ஆளில்ல. ஏனையவை பாத்த மிஸ் பென்ஷன்ல போயி ரெண்டு வருஷம்."

பர்ஹானா கம்ப்யூட்டர் படித்தவளல்ல. பத்தொன்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவள். ஒரு நாள் தங்கச்சியின் கல்யாணப் படங்களைக் காட்டுவதற்காக ஸ்டாஃப் ரூமுக்கு லெப்டொப் ஒன்றைக் கொண்டு போனாள். பாடசாலை அதிபர் அதைக் கண்டார். அடுத்த கிழமையிலிருந்து அவள்தான் அந்தப் பெண்கள் பாடசாலையின் கம்ப்யூட்டர் டீச்சர். மேல் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, பழைய கம்ப்யூட்டர் ஆறும் பல்லி நாற்பதும் உள்ள அறை ஒன்றின் சாவி அவள் கையில் வந்து சேர்ந்தது.

சேர்ந்ததில் ஒரு நன்மையும் இல்லாமல் இல்லை. அந்த அறைக்குத்தான் நுஸ்ஹா வந்தாள். அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, முகம் வெளுத்து இறங்குவாள். அதே பிள்ளை கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் கார்ப் பந்தயத்தில் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவெடுப்பாள். பாடசாலைகளுக்கிடையிலான மாகாணக் கணினி விளையாட்டுப் போட்டியில், இரவல் மெஷின் ஒன்றில் ஓடி, பெரிய பெரிய ஆண்கள் பாடசாலைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி முதலாவது வந்தாள்.

பரிசாகக் கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. உதிரியாக. மதர்போர்ட் ஒரு பெட்டி, கிராபிக் கார்ட் ஒரு பெட்டி, பவர் சப்ளை ஒரு பெட்டி என்று எல்லாம் தனித்தனியே வந்திறங்கின. கூட வந்த கடிதத்தின் ஏழாம் பந்தி சொன்னது: கேசிங்கைப் பாடசாலையே தெரிவுசெய்து, நியமக் குழுவின் ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும். எட்டாம் பந்தி சொன்னது: அகில இலங்கைப் போட்டிக்கு வருபவர் சொந்தப் பாடசாலையின் மெஷினிலேயே ஓட வேண்டும், இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் நாலு மணிக்குள் ஒப்புதல் இலக்கத்தோடு அந்த மெஷினை இயக்கி இன்டர்நெட்டில் பதிய வேண்டும், தவறினால் இரண்டாவதாக வந்த பாடசாலைக்கு இடம் போகும்.

போட்டி பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கு. நுஸ்ஹாவுக்கு அடுத்த மாதம் பத்தொன்பது. அவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை.

அன்றைக்குத் திகதி மூன்று.

"விண்ணப்பத்த நிரப்பிக் குடுங்க மிஸ்," என்று பிரேமிளா கம்பிக்குள்ளால் ஒரு கடதாசிக் கட்டைத் தள்ளினாள். பிரேமிளா கெட்டவளல்ல. பசித்த முகத்தோடு யாரும் வந்தால் மேசை லாச்சிக்குள்ளிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுப்பாள். சுற்றறிக்கையை மட்டும் யாருக்காகவும் மடித்துக் கொடுக்க மாட்டாள்.

பர்ஹானா வாசித்தாள். மரத்தின் வகை: பலா, தேக்கு, ஏனையவை. கால்களின் எண்ணிக்கை. பொலிஷ் பூசப்பட்ட திகதி. எத்தனை பதிவேடுகள் கொள்ளும்?

"இதுல பதிவேடு வைக்கேலா. என்ன எழுத?"

"உண்மையத்தான் எழுதணும்."

பூச்சியம் என்று எழுதினாள். பிரேமிளா அதைப் பார்த்துவிட்டு, நோயாளியைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தாள். "ஒரு பதிவேடுகூட கொள்ளாத அலுமாரி எதுக்கு மிஸ் ஸ்கூலுக்கு?"

அந்தக் கேசிங்கைத் தெரிந்தெடுத்ததே ஒரு பெரிய கதை. முந்தின சனிக்கிழமை, டவுனில் ஹில்மி நானாவின் கடைக்கு ஆசிரியையும் மாணவியும் போனார்கள். பர்ஹானாவுக்குக் கண்ட உடனே ஒன்றில் மனம் விழுந்துவிட்டது. முன்னாலும் பக்கத்திலும் முழுக் கண்ணாடி, உள்ளே ஊதாவும் பச்சையுமாய் வெளிச்சம்.

"மாஷா அல்லாஹ், மீன் தொட்டி மாதிரி ஈக்கி. இத எடுப்போம் மகள்."

நுஸ்ஹா அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குனிந்து பார்த்தாள். "காத்து எங்கால வார டீச்சர்?"

"என்ன காத்து?"

"முன்னுக்கு முழுக்கக் கண்ணாடி. இதுக்கு மூக்கே இல்ல. நம்மட தகரத்துக்குக் கீழ பன்னெண்டு மணிக்கு இத ஓட்டினா உள்ளுக்குள்ள முட்டை அவியும். கார்ட் சூடாகினா மெஷின் தானா வேகத்தக் கொறைக்கும். நான் வளைவெடுக்கக்குள்ள படம் தட்டுத் தட்டி நிக்கும்."

பிறகு பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தாள். கிராபிக் கார்ட் முப்பத்திரண்டு சென்டிமீட்டர். அந்த மீன் தொட்டிக்குள் முப்பதுதான் போகும். அடுத்தது அகலம், ஆனால் விசிறிக்கு இடமில்லை. அதற்கடுத்ததில் விசிறி இருந்தது, தூசி வடிக்கும் வலை இல்லை. பதினோராவதாகக் காட்டியது கறுப்பு. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. முன்பக்கம் முழுவதும் பொடிப் பொடித் துளை, உள்ளே மூன்று விசிறி, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி.

"இதுதான்," என்றாள் நுஸ்ஹா.

"இந்தப் புள்ளைய இன்னொரு நாளைக்கிக் கூட்டிட்டு வராதீங்க டீச்சர்," என்றார் ஹில்மி நானா. "மத்தக் கஸ்டமருக்கும் காது கேக்கும்." சொன்னாலும், அந்தக் கேசிங்கில் பாடசாலையின் பேரை ஒட்டி மேல் தட்டில் எடுத்து வைத்தார். "ஒப்புதல் வரும் வரைக்கும் ஆருக்கும் குடுக்க மாட்டேன்."

அவ்வளவு பார்த்து எடுத்த மூக்குத்தான் வினையாயிற்று.

எட்டாம் திகதி தொழில்நுட்ப உத்தியோகத்தர் மோகனராஜ் கடைக்கே பரிசோதனைக்கு வந்தான். ஒல்லியான இளைஞன், தோளில் பை, பைக்குள் மெஷர் டேப், சோக்குக் கட்டி, குண்டூசி, ஒரு ட்ரில் மெஷின். கேசிங்கைக் கண்டதும் அவன் முகம் விழுந்துவிட்டது.

"ஓட்டை இருக்கே மிஸ்."

"ஓட்டைக்குத்தான் எடுத்த," என்றாள் நுஸ்ஹா.

அவன் சுற்றறிக்கையை விரித்து வாசித்தான். அலுமாரிகளில் துளை இருக்கலாகாது. தவிர்க்க முடியாதவிடத்து, துளைகள் எண்ணப்பட்டு, ஒவ்வொரு துளைக்கும் காரணம் எழுத்தில் காட்டப்பட வேண்டும். எப்போதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு அலுமாரிக்குள் எலி நுழைந்து பரீட்சைத் தாள்களைக் கொறித்ததாம். எலி செத்து முப்பது வருடம். சுற்றறிக்கை இருக்கிறது.

மோகனராஜ் கீழே உட்கார்ந்து, குண்டூசியால் ஒவ்வொரு துளையாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தான். நானூற்றுப் பன்னிரண்டில் ஹில்மி நானா, "தம்பி, ஒரு பிளேன்டீ குடிங்களே," என்றார். "இல்ல, வேணாம்," என்று அவன் சொன்ன சொல்லோடு எண்ணிக்கை போய்விட்டது. மறுபடி ஒன்றிலிருந்து. அறுநூற்று எழுபதில் போன் அடித்தது. மறுபடி ஒன்றிலிருந்து.

நுஸ்ஹாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, குறுக்கால அம்பத்தெட்டு, நெடுக்கால நாப்பத்தாறு. பெருக்குங்க. ரெண்டாயிரத்தி அறுநூத்தி அறுபத்தெட்டு."

அவன் பாவமாக நிமிர்ந்து பார்த்தான். "பெருக்க எனக்கு அதிகாரம் இல்ல தங்கச்சி. எண்ணத்தான் அதிகாரம்."

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்கிற நேரம் எண்ணி முடித்தான். இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்தேழு. ஒன்று குறைந்தது. ஹில்மி நானா பாடசாலைப் பேரை எழுதி ஒட்டிய துண்டின் மூலை ஒரு துளையின் மேல் இருந்தது. துண்டை உரித்தெடுத்துவிட்டு, "இப்ப சரிதானே?" என்றார். மோகனராஜ் தலையில் கை வைத்தான். எண்ணும்போது இல்லாத துளை பிறகு தோன்றினால், அது பரிசோதனைக்குப் பின் ஏற்பட்ட சேதம். சேதத்துக்கு வேறு விண்ணப்பம். கடைசியில் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, அந்தத் துண்டை இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டார்கள்.

இனிக் காரணங்கள். பர்ஹானா ஒன்று என்று இலக்கமிட்டுக் "காற்று" என்று எழுதினாள். இரண்டுக்கு "மேற்படி" என்று எழுதிக்கொண்டு போனால், பிரேமிளா இல்லையென்று தலையாட்டினாள். "மேற்படி ஏலாது மிஸ். ஒவ்வொன்னுக்கும் எழுதணும். நாளைக்கு ஒரு ஓட்டைய அடைச்சா, அந்தக் காரணம் எங்கன்னு கேப்பாங்க."

இரண்டு நாள், வகுப்புப் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து கொப்பி கொப்பியாக எழுதினார்கள். காற்று, காற்று, காற்று. எழுநூறுக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கை உளைந்து, மனமும் உளைந்து, மூச்சு என்றும் வேர்வை என்றும் தகரம் சுடுகிறது என்றும் எழுதத் தொடங்கினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலாம் துளைக்கு நேரே நுஸ்ஹா, "இதை யாரும் வாசிக்கப் போவதில்லை" என்று எழுதினாள். அத்தனை காரணங்களிலும் சரியான காரணம் அது ஒன்றாகத்தான் இருந்தது. பதினான்காம் திகதி எல்லாம் ஏற்றுக்கொள்ளப்பட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை விழுந்தது.

அத்தனை நாளும் நுஸ்ஹா சும்மா இருக்கவில்லை. மதர்போர்ட் வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேலேயே மெஷினைப் பூட்டிவிட்டாள். மேசையில் பச்சைத் தகடும் வயரும் விசிறியும் வெளியே தெரிய, அது சொகுசாக ஓடியது. பர்ஹானா முதல் நாள் கண்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"யா அல்லாஹ், கொடல் வெளிய தெரியிற மாதிரி ஈக்கி! கேசிங் இல்லாமலுக்கும் ஓடுமா மகள்?"

"ஓடும் டீச்சர். மேலால பல்லி விழுகாத வரைக்கும்."

அன்றிலிருந்து பர்ஹானா இடைவேளைகளில் ஸ்டாஃப் ரூமுக்குப் போவதை விட்டாள். நுஸ்ஹா பந்தயம் ஓட, இவள் பக்கத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூரையில் நாற்பது பல்லியும் நகர நகரக் குடையும் நகரும். முதலில் பயத்தில்தான் பிடித்தாள். போகப் போக, திரையில் அந்தக் கறுப்புக் கார் மழை ரோட்டில் வளைவெடுக்கிற அழகைப் பார்த்து, தன்னையறியாமல் குடையோடு சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்தாள், வலப்பக்கம் சாய்ந்தாள்.

"டீச்சர், நீங்க சாஞ்சா கார் திரும்பாது."

"நீ ரோட்டப் பாரு."

பத்தொன்பதாம் திகதி குழு கூடியது. அந்த அலுவலகம் மலைச்சரிவில் கட்டப்பட்டது. ரோட்டிலிருந்து நுழைந்தால் அதுவே மூன்றாம் மாடி. விசாரணைக் கவுண்டர் முதலாம் மாடியில். ஆகையால் மேலே வருகிற எவரும் முதலில் கீழே இறங்கி, மேலே வந்ததற்குக் காரணம் சொல்லிவிட்டு, மறுபடி ஏற வேண்டும். ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற இருவரையும் தலைவர் அழகமுத்து சேர் கையமர்த்தி உட்காரச் சொன்னார். வெள்ளை அரைக்கைச் சேர்ட்டின் பையில் மூன்று பேனா. அங்கத்தவர் நாலு பேர், இருவர் விழித்திருந்தார்கள்.

"பதினொரு வருஷமா இந்தக் குழுவுக்கு நான் தலைவரா இருக்கேன்," என்று அவர் தொடங்கினார். "நாங்க ஒப்புதல் கொடுத்த ஒரு பொருள்கூட இதுவரைக்கும் ஒடையல. களவு போகல. கறள் பிடிக்கல. வேற எந்த அலுவலகத்துல இப்படிச் சொல்லுவாங்க, சொல்லுங்க பாப்போம்? மொத்தம் மூனு பொருள். மூனும் பொலித்தீன்கூட பிரிக்காம கீழ நம்ம களஞ்சியத்துல இருக்கு. ஸ்கூல்காரங்க வந்து கேட்டாங்க. நான் கொடுக்கல. கொடுத்தா பாவிச்சிருவாங்க."

விழித்திருந்த இருவரும் ஆமோதித்தார்கள்.

"இப்ப உங்க அலுமாரிக்கு வருவோம். இதுக்குள்ள கலர் லைட் எரியுதாமே?"

"விசிறிக்குள்ள சேர்," என்றாள் பர்ஹானா. "சும்மா அழகுக்கு."

"என்னென்ன கலர்?"

"சிவப்பு, நீலம், பச்சை… மாறி மாறி வரும்."

தூங்கியவர்களில் ஒருவர் கண் திறந்தார்.

"எல்லாம் கட்சிக் கலராச்சேம்மா," என்றார் அழகமுத்து சேர், குரலைத் தாழ்த்தி. "எது மொதல்ல வருது?"

"சுத்திச் சுத்தி வரும் சேர். மொதலென்டு ஒன்டில்ல."

"அரசாங்கத்துல மொதல்னு ஒன்னு இருக்கணும். எலெக்ஷன் நேரத்துல ஒரு கலர் ஒரு செக்கன் கூட எரிஞ்சிருச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"லைட்ட ஓஃப் பண்ணலாம் சேர்," என்றாள் நுஸ்ஹா.

"ஓஃப் பண்ணா எல்லாக் கட்சியையும் புறக்கணிச்ச மாதிரி."

அரை மணி நேரம் விவாதித்தார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு அதிகாரியையும் பர்ஹானா எதிர்த்துப் பேசியதில்லை. "சரி சேர்" என்ற இரண்டு சொல்லில் உத்தியோகத்தை ஓட்டியவள். அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"சேர், எங்களுக்கு ஒன்பது நாள்தான் ஈக்கி. எங்களுக்கு அலுமாரி வேணாம். இந்தக் கேசிங் போதும். காத்து வந்து போற மாதிரி இந்தப் புள்ள பாத்துப் பாத்து எடுத்த. ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க."

அழகமுத்து சேர் அவளை மிகுந்த பரிவோடு பார்த்தார். "டீச்சர், நீங்க கேக்குறது வெறும் கையெழுத்து. நாங்க அதுக்கும் மேல செய்யப் போறோம். ஒங்க ஸ்கூல் கெட்டிக்கார ஸ்கூல். ஒங்களுக்கு நம்ம பட்டறையிலயே, ஒப்புதலோட, ஒரு துளைகூட இல்லாம, அலுமாரியே செஞ்சி தாறோம்."

"சேர், வேணாம்…"

"நன்றியெல்லாம் அன்னைக்கிச் சொல்லுங்க. விழா வைப்போம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் நுஸ்ஹா யன்னல் பக்கம் தலையை வைத்திருந்தாள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் நிமிர்ந்தாள். "டீச்சர், காத்து எங்கால வார என்டு அவரிட்ட ஆருமே கேக்கல்லியே," என்றாள். பிறகு வழக்கம்போல் பொலித்தீன் பையைத் தேடினாள்.

விழா இருபத்தெட்டாம் திகதிக்கு விழுந்தது. வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து இரண்டு மணிக்கு.

காலையிலேயே பல்லேகலைப் பட்டறையிலிருந்து லொறி வந்துவிட்டது. ஆறடி உயரம், நாலடி அகலம், பலாப் பலகை, முகம் தெரிகிற பொலிஷ், இரட்டைக் கதவு, இரண்டு பூட்டு. எட்டுப் பேர் தோள் கொடுத்து மேல்மாடிக்கு ஏற்றினார்கள். அலுமாரி என்று பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. எந்தக் கல்யாண வீட்டுக்கும் கொடுக்கலாம். ஒரு குண்டூசி நுழைய இடமில்லை.

நுஸ்ஹா உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். பின்பலகையை நாலு மூலையிலும் தடவினாள்.

இரண்டு மணிக்கு என்றது இரண்டே முக்காலுக்குத் தொடங்கியது. குர்ஆன் ஓதும் கிராஅத், வரவேற்புரை, வெற்றிலைத் தட்டு, றிபன். அழகமுத்து சேர் ஒலிவாங்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டருக்குள்ள என்ன இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்க முயற்சிக்கவுமில்ல. தெரிஞ்சிக்கிட்டா பக்கச்சார்பு வந்துரும். நமக்கு வேலை வெளிப்பக்கம். வெளிப்பக்கம் ஒழுங்கா இருந்தா உள்பக்கத்தப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. இது என்னோட முப்பத்தொரு வருஷ அனுபவம்…"

மூன்று மணி பத்து. பர்ஹானா சுவர் மணிக்கூட்டையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று மணி பதினெட்டுக்கு, முத்திரை குத்திய ஒப்புதல் கடிதம் அவள் கைக்கு வந்தது. இலக்கத்தைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. இனி மெஷினை இயக்கி அந்த இலக்கத்தை அடித்தால் முடிந்தது.

"அந்த மெஷின உள்ள வைங்க," என்றார் அழகமுத்து சேர். "வச்சாத்தான் ஒப்புதல் செல்லும்."

நுஸ்ஹா அட்டைப் பெட்டியோடு மெஷினைத் தூக்கி நடுத் தட்டில் வைத்தாள். வயர்களைக் கதவிடுக்கால் வெளியே விட்டாள். கதவு மூடவில்லை.

"வயர் தொங்குதே. அசிங்கமா இருக்கு. உள்ள தள்ளுங்க."

"சேர், அது வெளிய வந்தாத்தான்…" என்றாள் பர்ஹானா.

"போட்டோ எடுக்கிறாங்க டீச்சர்."

தள்ளினார்கள். கதவைச் சாத்தினார்கள். இரண்டு பூட்டும் விழுந்தன. கை தட்டினார்கள். இரண்டு சாவியையும் பிரேமிளா ஒரு உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டி, அரக்கு வைத்தாள்.

"பிரேமிளா மிஸ், சாவி?"

"இருப்புப் பதிவேட்டுல ஏத்தாம சாவி குடுக்க முடியாதே மிஸ்." அவளுக்கும் மனம் கேட்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "திங்கக்கிழம காலையில மொத வேலையா ஏத்திருவேன். எட்டரைக்கே வந்துருங்க. சாப்பிட ரோல்ஸ் கொண்டாறேன்."

வேன் கீழே உறுமியது. அதிபர் வழியனுப்ப இறங்கினார். பிள்ளைகள் கேக் தட்டோடு கலைந்தார்கள். அறையில் மிஞ்சியது மூன்று பேர். அலுமாரியின் நெற்றியில் இலக்கத் தகடு பூட்டுவதற்காக மோகனராஜை விட்டுப் போயிருந்தார்கள். கதிரையில் ஏறி, ட்ரில் மெஷினால் இரண்டு துளை போட்டான். அதிகாரபூர்வமான துளை, அதற்கான காரணம் ஏற்கெனவே எழுதப்பட்டு அவன் பையில் இருந்தது. தகட்டைத் திருகிவிட்டு இறங்கினான்.

மணி மூன்றே முக்கால். பதிவு மூட இன்னும் பதினைந்து நிமிடம்.

நுஸ்ஹா அலுமாரியின் பின்பக்கம், நிலத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காத்து எங்கால வார என்று கேட்கவில்லை. வயர் எங்கால போற என்று கேட்கவில்லை. அந்தப் பிள்ளை கேட்காமல் இருந்ததுதான் பர்ஹானாவுக்குத் தாங்க முடியவில்லை.

மோகனராஜ் கதிரையை ஒரு பக்கமாகத் தள்ளினான். "மன்னிச்சிக்கங்க மிஸ். என் கையில ஒன்னுமில்ல."

பர்ஹானா அவன் கையைப் பார்த்தாள். கையில் இருந்தது. சூடு ஆறாத ட்ரில் மெஷின், வயர் இன்னும் சுவரில்.

அவள் ஒப்புதல் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஸ்காஃபின் முனையை இழுத்துச் செருகினாள். அலுமாரியைச் சுற்றிப் பின்பக்கம் போய், முகம் தெரிகிற அந்தப் பலாப் பலகையில் நுஸ்ஹாவின் தலைக்கு மேலே ஒரு இடத்தை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அதத் தாங்க தம்பி. நீங்க எண்ணுங்க, காரணம் நான் எழுதித் தாறேன்."